வெடிக்கும் வரிசை

நோர்வூட்டில் சோலைமலையின் கராஜுக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் கொஞ்சம் பொறுமையையும் கூடவே கொண்டுபோக வேண்டும் என்று ஊரில் பேச்சு. இரண்டு நாள் வேலைக்கு மனிதர் இரண்டு மாதம் எடுப்பார். வேலை தெரியாமல் இல்லை. போலிச் சாமானை அவர் கையால் தொடமாட்டார். ஜப்பான்காரன் எதை வைத்து அனுப்பினானோ அதுவே வேண்டும். அது கிடைக்கிறவரை வண்டி கொட்டகையில் நிற்கும். சொந்தக்காரர் சத்தம் போட்டால், "ஓடுனா மட்டும் போதுமாங்க? அது ஓட வேண்டிய மாதிரி ஓட வேணாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் இருந்து கற்ற வேலை அது. எண்பத்தாறில் பொகவந்தலாவைப் பாதையோரம் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக உட்கார்ந்தார். மனைவி நாகலெட்சுமி தோட்டத்தில் கொழுந்தெடுத்ததால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றையறை வீடு, கையை விட்டுப் போகவில்லை. குழந்தைகள் இல்லை. தாயும் தகப்பனும் போனபிறகு நாகலெட்சுமியே வளர்த்த தம்பி சின்னத்தம்பி அவர்களோடு இருந்தான். தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். தொண்ணூற்று நான்கில் இருபத்தாறு வயது. வாய் ஓயாத ஆள்; அவன் வேலை விட்டு வருவது மூன்று லயம் தள்ளியே கேட்கும்.

அந்த வருஷம்தான் குணரத்தினம் ஐயா வந்தார். பொல்பிட்டிய மின்நிலையத்தில் அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. லொறியொன்றில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்த காரை இறக்கி, மேலே மூடியிருந்த படங்கை விலக்கினார். அறுபத்தேழாம் ஆண்டு டட்சன் ஃபெயர்லேடி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை துணியில். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரையொருவரிடம் வாங்கியது. அந்தத் துரை நுவரெலியாவில் சித்திரை மாதக் கார்ப் பந்தயங்களுக்கு அதைக் கொண்டுபோவாராம். இப்போது எலி கடித்த சீட்டும் இறுகிப்போன எஞ்சினுமாக நின்றது.

"போற இடமெல்லாம் வேறை எஞ்சின் போடச் சொல்லினம். எனக்கு அதிலை விருப்பமில்லை," என்றார் குணரத்தினம்.

"வேற எஞ்சின் போட்டா இது வேற வண்டிங்க ஐயா," என்றார் சோலைமலை.

அந்த ஒரு வார்த்தையில் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. இரண்டு வருஷம் வேலை நடந்தது. ரப்பர்கள், ஹெட்லைட் வளையங்கள், மீட்டரின் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் கடிதம் போட்டும் ஆள் விட்டும் தேடினார்கள். துரையின் டிரைவராக இருந்தவர் வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு சோலைமலையும் சின்னத்தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். காரின் பக்கக் கண்ணாடி அந்த வீட்டுச் சுவரில், முகம் பார்க்கிற கண்ணாடியாகத் தொங்கியது. அதன் முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தவள் அந்த வீட்டு மகள் மீனம்மா.

"இதக் கழட்டிக் குடுத்துட்டா நான் எதுல பாக்குறது?" என்று கேட்டாள்.

"பெரிய கண்ணாடியா நானே வாங்கியாந்து மாட்டித் தர்றேன்," என்றான் சின்னத்தம்பி. அடுத்த ஞாயிறு சொன்னபடி கொண்டுபோனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். வருஷம் முடிவதற்குள் பரிசம் போட்டாயிற்று. தொண்ணூற்றாறு ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

அந்த வருஷம் தை மாதமே கார் ஓடிவிட்டது. ஒரு சாமான் மட்டும் அசல் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள், நான்கு சிலிண்டருக்கும் முறை தவறாமல் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற சாமான். பழையது உடைந்துபோனதால் ஒரு வேனிலிருந்து கழற்றியதை வைத்திருந்தார் சோலைமலை. குணரத்தினம் கூரையை மடித்துவிட்டுப் பொகவந்தலாவை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. இறங்கி, பொனட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது போதும், சோலைமலை. எனக்கு இது காணும்."

"போதாதுங்க ஐயா. மேட்டுல இழுக்கறப்ப மூச்சு வாங்குது. எனக்குக் கேக்குது. அந்தச் சாமான் இதுக்குப் பொறந்தது இல்லைங்க."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்று சிரித்தார் குணரத்தினம். ஆனாலும் தடுக்கவில்லை.

மாசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு கடைக்காரர் எழுதினார். அசல் டிஸ்ட்ரிபியூட்டர் வந்திருக்கிறது, வயர்க் கட்டோடு. ஒரே மாதிரி இரண்டு இருப்பதால் தெரிந்தவர் வந்து பார்த்து எடுக்கட்டும் என்று. தோட்டத்துக் கொழுந்து லொறி அந்த வாரம் சோலைமலையின் கொட்டகையில் கிடந்தது. அதை விட்டுவிட்டு அவரால் நகர முடியவில்லை.

"நான் போயிட்டு வந்துர்றேன் மச்சான்," என்றான் சின்னத்தம்பி. "கல்யாணத்துக்குச் சட்டைத் துணியும் எடுத்துக்கலாம்."

நாகலெட்சுமிக்கு மனமில்லை. முந்தின மாதம்தான் கொழும்பில் பெரிய குண்டு வெடித்து, தமிழர் எங்கே போனாலும் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்ச நாள் போவட்டுமே," என்றாள். கடைக்காரர் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்பது சோலைமலையின் பயம். சின்னத்தம்பிக்கு மோட்டார் வேலை தெரியாது என்பதால், கடைக்காரரிடம் காட்டிச் சரியானதைக் கேட்டு வாங்க, ஒரு தாளில் வட்டம் போட்டு, நான்கு முனை குறித்து, முனைக்கொரு வயர் இழுத்துக் காட்டினார். கீழே தம் கையால் எழுதினார்: 'வெடிக்கும் வரிசை 1-3-4-2. முதல் வெடிக்குப் பதினாறு டிகிரி முன்னால் வைக்கவும்.' சிலிண்டரில் பெட்ரோல் பற்றுவதை வெடி என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். வேர்க்‌ஷாப்பில் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள்.

ஹட்டனில் ரயிலேறியவன் அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் சோலைமலையும் நாகலெட்சுமியும் கொழும்புக்குப் போய், கடைக்காரர் கைகாட்டிய திசையில் ஒவ்வொரு பொலிஸ் நிலைய வாசலாக ஏறி இறங்கினார்கள். ஐந்தாவது இடத்தில் பதில் கிடைத்தது. சாமான் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரும் வழியில் சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். வயர்க் கட்டு, உலோகச் சாமான், சட்டைப்பையில் அந்தத் தாள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதைச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளைக் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான் மஹத்தயா," என்றார் சோலைமலை. தமக்குத் தெரிந்த சிங்களத்தில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று விளக்கினார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, கார் யாருடையது என்றார். பொல்பிட்டிய மின்நிலையத்தில் இருக்கிற குணரத்தினம் ஐயாவுடையது என்று சோலைமலை சொன்னார். பெரிய மனிதரின் பெயரைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தார். அதிகாரி பேனாவை எடுத்து அந்தப் பெயரையும் மின்நிலையத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அவரையும் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். குணரத்தினம் தாமாகவே போய் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். வடக்கில் பிறந்தவர், மின்நிலையத்துக்காரர், வயர் வரைபடம் என்று கதை இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை. அவரைப் பலமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். பயந்துபோன மகள் லண்டனிலிருந்து டிக்கட் அனுப்பினாள். போகுமுன் கொட்டகைக்கு வந்தார். காரைப் பார்க்கவில்லை.

"உம்மிலை எனக்குக் கோபம் இல்லை. நான் போய்ச் சொன்னதாலைதான் பொடியனுக்கு இன்னும் கூடிப்போச்சுது," என்றார். "காரை என்னவும் செய்யும். எனக்கு வேண்டாம்."

சின்னத்தம்பி தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். எப்படிப் போட்டான் என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அவன் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நிற்பதை சிறையில் முதல் சந்திப்பிலேயே கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நாகலெட்சுமி பார்த்துவிட்டாள். ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் தன் வலக்கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வழக்குப் பேச ஒப்புக்கொண்ட சட்டத்தரணி ஓர் அம்மாள். சோலைமலை சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவர்கள் பிடித்து வைத்திருக்கும் சாமான் அந்தக் காருக்கானதுதான் என்று நீதிபதி கண்ணால் பார்த்தால் போதும். கார் இருக்கிறதா? எதையும் மாற்றாதீர்கள். அந்தச் சாமான் வந்து பொருந்த வேண்டிய இடம் அப்படியே இருக்கட்டும்."

அன்றைக்கே வேன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துவாரத்தைச் சுத்தத் துணியால் அடைத்தார் சோலைமலை. அதன்பிறகு அவர் செய்த வேலையை யாரும் வெறும் பராமரிப்பு என்று சொல்லமாட்டார்கள். மலைநாட்டு மூடுபனி இரும்பைச் சும்மா விடாது. ஞாயிறுதோறும் நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, எஞ்சின் இறுகிவிடாமல் கையாலேயே சுற்றுவார். துணிக்கூரையில் பூஞ்சணம் ஏறினால் வெயில் வரும்வரை காத்திருந்து காயவைப்பார். வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ரப்பர்களைப் பார்ப்பார். வழக்குக்குக் கார் வேண்டும் என்று கேள்விப்பட்டு, லண்டனிலிருந்து குணரத்தினம் எங்கெங்கோ தேடி அசல் ஜன்னல் ரப்பர் அனுப்பியிருந்தார். பார்சல் வந்தபோது தபாற்காரனுக்கு முன்னாலேயே அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்.

வழக்கு தவணைமேல் தவணை போனது. முதல் வருஷம் சின்னத்தம்பி சந்திப்புக்கு வரும்போதெல்லாம், "வண்டி எப்படி இருக்கு மச்சான்?" என்று கேட்பான். மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டான். அந்த வருஷம்தான் மீனம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். "எங்க அப்பா ஒடம்பு முடியாம கெடக்காருங்க அக்கா. வேற எடத்துல கட்டிக் குடுக்கப் பேசிட்டாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்," என்றாள். நாகலெட்சுமி அவளை உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, கையில் தன் வளையல் ஒன்றை மாட்டி அனுப்பினாள். சின்னத்தம்பிக்கு அதைச் சொன்னது சோலைமலை. வலைக்கு அந்தப்பக்கம் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சமாதானப் பேச்சு தொடங்கிய ஆண்டில், இரண்டாயிரத்து இரண்டில், வழக்கு முடிவுக்கு வருகிறது என்று தந்தி வந்தது. கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி, காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டார் சோலைமலை. போகும் வழியில் கினிகத்தேனையில் நிறுத்திப் படங்கைத் தூக்கி மறுபடி துடைத்தார். நீதிமன்றத்துக்கு எதிரே மரநிழலில் காரை இறக்கி வைத்துவிட்டு, பாட்டரியையும் பொருத்திவிட்டு, ஸ்பானர்களைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். நீதிபதி கேட்டால் அந்தச் சாமானை ஐந்து நிமிஷத்தில் பொருத்திப் பூட்டிக் காட்டிவிடலாம். என்ன சொல்ல வேண்டும் என்று சிங்களத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

சின்னத்தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அரசு தரப்பில் ஒருவர் எழுந்து, வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்று இல்லை, வழக்கைத் தொடரவில்லை என்றார். நீதிபதி எதையோ எழுதி, விடுதலை என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சோலைமலை எழுந்து நின்றார். சட்டத்தரணி அம்மாள் அவர் தோளைத் தொட்டு, "முடிஞ்சுது ஐயா. வெளியே வாங்க," என்றார். பிடித்து வைத்த சாமான் எங்கே என்று பிறகு விசாரித்ததில், அது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

வாசலில் நாகலெட்சுமி தம்பியைக் கட்டிக்கொண்டாள். அவன் கைகள் தொங்கியபடியே இருந்தன. சாலையைக் கடக்கும்போது காரைப் பார்த்தான், பளபளவென்று நின்றது. ஒரு கணம்கூட நிற்காமல் அதைத் தாண்டிப் போய் லொறியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தான்.

காம்பிராவில் அவனால் கதவு சாத்திப் படுக்க முடியவில்லை. தொழிற்சாலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தார். இருந்தாலும் அந்தக் கையால் இனி வயர் முறுக்க முடியாது. விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் பெரட்டுக்குப் போகிற சத்தம் கேட்டு எழுந்து வெளியே உட்காருவான். அக்கா வேலை முடித்து வரும்போதும் அங்கேயே இருப்பான். சத்தம் போட்டுக்கொண்டு வந்த பையன் அவன்தான் என்று லயத்துச் சின்னப்பிள்ளைகள் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் கொட்டகைக்கு வந்தான். சோலைமலை பம்ப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேன் சாமானே போதும்னு ஐயா சொன்னாருல்ல?"

"ஆமாப்பா."

"வண்டியும் ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு."

"அப்ப ஏன் என்னைய அனுப்புனீங்க?"

அதில் கோபம் இல்லை. வெகுநாளாக யோசித்தும் புரியாத ஒன்றைக் கேட்கிறவனைப் போலத்தான் கேட்டான். சோலைமலை பம்பைக் கீழே வைத்தார். மேட்டில் மூச்சு வாங்கிற்று என்றா சொல்வது? சின்னத்தம்பி போய்விட்டான். அதற்கப்புறம் அவன் அவரை மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் தலவாக்கலையில் ஒரு கடையில் காவல்காரனாகப் போய்ச் சேர்ந்தான். அங்கேயே தங்கிக்கொண்டான். குணரத்தினத்தின் சம்மதத்தோடு காரைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எடுத்துப் போனார். இவ்வளவு அசலாக ஒன்றைப் பார்த்ததில்லை என்று அவர் மூன்று தடவை சொன்னார். சோலைமலை சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். லொறி கிளம்பும்போதும் வரவில்லை.

கராஜ் இப்போதும் நடக்கிறது. வருகிறவர்கள் எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் பூட்டிக் கொடுக்கிறார். அன்றைக்கே கொடுத்துவிடுகிறார். பழைய ஆட்கள், "என்ன பாஸ், இதெல்லாம் நீங்க தொட மாட்டீங்களே," என்றால், "ஓடுனா சரிங்க," என்பார்.

நாகலெட்சுமி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவர் பலநாள் நினைத்ததுண்டு. சாப்பாடு போடுவாள், வெந்நீர் வைப்பாள், காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். முன்பு அவர் வேலை முடித்து வந்ததும் அன்றைக்கு என்ன வண்டி வந்தது என்று கேட்பாள். அந்தக் கேள்வி மட்டும் தொண்ணூற்றாறோடு நின்றுவிட்டது.

தீபாவளிக்குத் தீபாவளி சின்னத்தம்பி வருவான். அக்காவுக்குச் சேலை கொண்டுவருவான். பிள்ளைகள் பட்டாசு கொளுத்துமுன் சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டுவிடுவான். சோலைமலை பஸ்வரை கூடப் போவார். இரண்டு பேரும் பாதையோரம் தேயிலையைப் பார்த்தபடி நிற்பார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் பஸ் வரத் தாமதமாயிற்று. மழை தூறியது. சோலைமலை குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவன் விலகவில்லை.

பஸ் வந்ததும் படியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல், "அக்கா ரொம்ப எளைச்சுப் போச்சு. பாத்துக்கங்க," என்றான்.

"சரிப்பா," என்றார் சோலைமலை. பஸ் வளைவில் திரும்பியது. குடையை நேராகப் பிடிக்கவும் தோன்றாமல் அப்படியே கொஞ்சநேரம் நின்றிருந்தார்.