டீசலில் தண்ணீர் இல்லை

என் பெரியப்பா பொய் சொன்னார். அந்தப் பொய்யை என் அம்மா இன்றுவரை சுமக்கிறாள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் இரண்டாம் வகுப்பு படித்தேன். சிங்காநல்லூரில் நாங்களும் பெரியப்பா குடும்பமும் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். பெரியப்பாவிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பலகைக் கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மேடை, குழாய் வைத்த தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை என்று அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தார். பழனி, குருவாயூர் என்று போய், அதிலேயே சமைத்து அதிலேயே தூங்கி வருவோம். அந்த வண்டியில் மெக்கானிக் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாம் அவரே செய்வார். செய்யத் தெரியுமா என்று அவரைக் கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வேனின் டீசல் ஃபில்டர் இரண்டையும் கழற்றி, புதியதை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கோபியிலிருந்து போன் வந்தது. அம்மாவின் அப்பாவுக்கு, என் அப்புச்சிக்கு, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. மகளைக் கேட்கிறார். உடனே வரச் சொன்னார்கள்.

அம்மா ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"நாங்க காந்திபுரம் போயி பஸ் ஏறிக்கறமுங்க மாமா."

"ஊட்டு முன்னால வண்டிய நிறுத்திப்போட்டு பஸ்ல போறதா? ஊரு சிரிக்காது? சித்த இரு அம்மணி, முடிஞ்சுபோச்சு. அந்த டீசல் கேன எடு."

அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் ஃபில்டர் கிண்ணங்களில் டீசலை ஊற்றி, அவசர அவசரமாக முடுக்கி, வண்டியைக் கிளப்பினார். கரும்புகை வந்தது. கிளம்பிவிட்டோம்.

அவிநாசி தாண்டியதும் இன்ஜின் இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. பெரியப்பா இறங்கி ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். நுரையும் குமிழியுமாக டீசல் வந்தது. "டீசல் பைப்புல ஏர் புடிச்சிருக்குது. ஃபில்டர் மாத்துனா அப்படித்தான்" என்றார். வண்டி கிளம்பியது. அம்மா பையை மடியில் வைத்து அதன் காதைத் திருகிக்கொண்டே வந்தாள்.

பெருமாநல்லூர் தாண்டி மறுபடியும் நின்றது. மறுபடியும் திருகு, மறுபடியும் பம்பு, மறுபடியும் நுரை. பின்னால் ஒரு கோபி பஸ் வந்தது. அம்மா யாரையும் கேட்காமல் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள். பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "ஏனுங்க, கோபிங்களா? ஏறுங்க" என்றார்.

பெரியப்பா எண்ணெய்க் கையை ஆட்டினார். "நீங்க போங்க தம்பி. நம்ம வண்டி இருக்குது."

பஸ் போய்விட்டது.

"அண்ணா, அவளையாச்சும் ஏத்தி உட்டிருக்கலாமுங்களே" என்றார் அப்பா.

"ஏன்டா, எம்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அப்பா திரும்பி வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முன்னால் அப்பா எப்போதும் அவ்வளவுதான். அம்மா போன பஸ்ஸையே பார்த்தபடி, "இருப்பாரு, இருப்பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

குன்னத்தூர் தாண்டி மூன்றாவது முறையும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் மணிக்கணக்கில் போயிருந்தது, வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் எதிரே ஒரு வேப்பமரத்தடியில், அடுத்த பஸ் வருகிறதா என்று பார்த்து நின்றார்கள். அடுத்த பஸ் வரவேயில்லை. நான் வேனின் படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பெரியப்பா ஃபில்டரையே முழுதாகக் கழற்றினார். கிண்ணம் உட்காரும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினார். தடவிய கை அப்படியே நின்றது. திருப்புளியால் நெம்பி ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை உரித்தெடுத்தார். பிறகு மரத்தடியைப் பார்த்தார். அம்மா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வளையத்தை வேலிப்பக்கம் எறிந்தார்.

நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். நசுங்கி, பளபளவென்று, என் கைக்கு வளையல் மாதிரியே இருந்தது.

அவர் ஃபில்டரை மாட்டிவிட்டு மரத்தடிக்குப் போனார். "டீசல்ல தண்ணி கலந்திருக்குது. காலைல எந்தக் கேன அம்மணி எடுத்துக் குடுத்தே?"

"நீங்க காட்டுனதத்தானுங்க மாமா..."

"பக்கத்துல தண்ணிக் கேனு இருந்துச்சே. பாத்து எடுக்க வேண்டாமா?"

அம்மா யோசித்தாள். அவள் யோசித்ததுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

அதன்பின் வண்டி கோபி வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

நாங்கள் போனபோது ஆண்கள் ஈரத்தலையோடு சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அண்ணன் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார். "மத்தியானத்திலிருந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தம் கண்ணு. பொழுது சாயுதுன்னு எல்லாருஞ் சத்தம் போட்டாங்க. எத்தன நேரந்தான் வெச்சிருக்கறது?"

பெரியப்பா முந்திக்கொண்டார். "அம்மணி அவசரத்துல தண்ணிக் கேன எடுத்துக் குடுத்துப்போடுச்சுங்க மாப்ள. வண்டி என்ன பண்ணும்?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "என் கையாலயேவா?" என்று கேட்டுக்கொண்டு அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று கையில் அந்த ரப்பர் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பா அதைப் பார்த்தார். "கழட்டிப்போடு கண்ணு, கை நாறும்" என்றார். என் மீது அக்கறை என்று நினைத்தேன். அழகாக இருக்கிறதே என்று ஜாக்கெட் கைக்குள் ஏற்றி ஒளித்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, நாங்கள் ஒரு டெம்போ வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டர் மாற்றிய பையன் முதல் வேலையாகப் பழைய வளையத்தை நெம்பி எடுத்தான். எதற்கு என்றேன். "பழச எடுக்காம அதுமேல புதுசப் போட்டா காத்து இழுக்குமுங்க அக்கா. கொஞ்சம் ஓடும், நின்னுக்கும். ஏர் எடுத்தா மறுபடி ஓடும், மறுபடி நின்னுக்கும்" என்றான். நான் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "போகுது உடு கண்ணு, பெரியவரு" என்றாள். ஆனால் இன்றும் எந்தக் கேனை எடுத்தாலும் மூடியைத் திறந்து இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பெரியப்பா அந்தக் கதையை எடுத்துவிடுவார். "டீசலுக்குத் தண்ணி ஊத்துன அம்மணி வந்தாச்சு, வண்டியெல்லாம் பத்திரம்!" எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

அவள் நிரபராதி என்பதற்கான சாட்சியைக் கையில் மாட்டிக்கொண்டு, அந்தப் பந்தலில் அவள் பக்கத்திலேயே நின்றேன். அது சாட்சி என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா, உங்களுக்குத் தெரியும்.

வருகிற தை மாதம் உங்களுக்கு எண்பதாம் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது. மைக்கும் இருக்கும், அம்மாவின் அண்ணனும் வருவார். நானும் வருவேன். தனியாகக் கூப்பிட்டு என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: குன்னத்தூர் ரோட்டில், வேலிப்பக்கம் நீங்கள் எறிந்தது என்ன?