இரண்டு தேசத்துக்கும் பொதுவான மணல்

என் கணவர் எந்த நாட்டில் வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். மறைக்க வேண்டிய விஷயம் எதுவும் இல்லை. ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பாரசீக வளைகுடா ஓரத்தில் இரண்டு அரபு நாடுகளுக்கு நடுவே ஒரு மணல்காடு கிடந்தது. முன்பு அந்த இரு நாட்டாருக்கும் போர் நடந்திருக்கிறது. போர் ஓய்ந்த பிறகு எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் ஒத்துவரவில்லை. கடைசியில், இந்த ஒரு துண்டில் மட்டும் கோடு வேண்டாம், இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து அந்த மணலுக்கு அடியில் எண்ணெய் தேடினார்கள். ஒரு நாடு ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்தது, மற்ற நாடு வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரே இடத்தில் தோண்டின. அங்கே போட்டிருந்த கூடார ஆபீசில்தான் என் கணவர் டைப்பிஸ்ட்.

எங்களுக்கு நாற்பத்தொன்பதில் கல்யாணம். நாகர்கோவிலுக்கு இரண்டு மைல் தள்ளி, வயல்களுக்கு நடுவே அவர்கள் வீடு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். அவர் உலகப்போரில் பட்டாளத்து கிளார்க்காக பஸ்ராவில் இருந்தவர், கொஞ்சம் அரபி பேசுவார். அந்த அரபிக்காகத்தான் வேலையும் கிடைத்தது. கல்யாணம் ஆன ஐந்தாம் மாதம் கிளம்பிவிட்டார். பம்பாயில் கப்பல் ஏறவேண்டும். பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது அரிசிக் கடத்தலைப் பிடிக்கும் சாவடியில் நிறுத்தி, அவர் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மாமி, அதாவது அவர் அம்மா, வறுத்துக் கட்டிக் கொடுத்த அரிசிமாவு ஒரு படியை எடுத்துக்கொண்டார்களாம். முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார். "மாவைப் பறிகொடுத்த விவரம் அம்மாவிடம் சொல்லவேண்டாம்" என்று கீழே கோடு போட்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் ஏழு மாதம் நாங்கள் ஒரு வீட்டில் இருந்திருப்போம். பிள்ளை இல்லை. அவருடைய குரல் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கடிதங்கள் நினைவில் இருக்கின்றன.

சனிக்கிழமை மத்தியானங்களில் மாமிக்கு அவற்றை வாசித்துக் காட்டுவேன். மாமிக்குப் பிடித்தது அந்த இரண்டு காவல்காரர்களைப் பற்றிய பகுதி. நாட்டுக்கு ஒருவராக இரண்டு கிழவர்களைக் கூடாரத்துக்குக் காவல் வைத்திருந்தார்கள். இளவயதில் இருவருமே அந்தப் பழைய போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள். ஒருவருக்குக் கெண்டைக்காலில் குண்டு பாய்ந்த தழும்பு இருந்தது. முதல் ஆறு மாதம் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு காபிக் கெண்டி. ஆனால் தண்ணீர் லாரி ஒன்றுதான் வரும். ஒரு தடவை புழுதிக்காற்றில் லாரி மூன்று நாள் வரவில்லை. அப்போது ஒருவர் பானையில் இருந்த தண்ணீரில் மற்றவர் காபி போட்டார். அதற்குப்பின் அடுப்பு ஒன்றாகிவிட்டது.

மாமி கேட்டார், "குண்டு பாஞ்ச காலுக்குக் காரணம் மத்தவன்தானா?"

"அது அவங்க ரெண்டு பேருக்குமே தெரியாதாம் மாமி."

"தெரியாண்டாம்" என்றார் மாமி. "தெரிஞ்சா பொறவு காப்பி எறங்காது."

தன் வேலையைப் பற்றியும் எழுதுவார். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை டைப் செய்யவேண்டுமாம். ஒன்றில் இந்த நாட்டின் பெயர் முதலில் வரவேண்டும், இன்னொன்றில் அந்த நாட்டின் பெயர். யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது. ஐம்பத்துமூன்றில் எண்ணெய் வந்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் காரில் வந்து இறங்கி, ஒரே தாம்பாளத்தில் ஆட்டிறைச்சிச் சோறு சாப்பிட்டார்களாம். காவல்காரர் இருவரும் சட்டையெல்லாம் எண்ணெய் தெறித்து நின்று பார்த்தார்களாம்.

தந்தி வந்தது மறு வருஷம் ஆனியில். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை அம்மா வாசலில் வந்து நின்று கவரை நீட்டினார். பிரித்து வாசித்தேன். லாரி விபத்து, மரணம், விவரம் கடிதத்தில். அவ்வளவுதான். தலைமையாசிரியை என் தோளில் கை வைத்தார். "கிளாஸ நான் பாக்கேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். நான் ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று எழுதி, மிச்ச இரண்டு வரியையும் முடித்துவிட்டுத்தான் சாக்கட்டியை வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. பாதியில் நின்றால் பிள்ளைகள் தப்பாகப் படிக்கும் என்று தோன்றியது.

வயல் வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தேன். சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலில் ஒட்டியது. மாமி பின்கட்டில் மரச்சீனிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன மக்ளே, இண்ணைக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"தந்தி வந்திருக்கு மாமி."

கத்தியைக் கீழே வைத்தார். "உயிரோட இருக்கானா?"

"இல்ல."

கையில் இருந்த கிழங்கை அவர் உடனே விடவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டார், "எங்க அடக்குனாவ?"

"அது போடல்ல."

"கேட்டு எழுது."

பிறகுதான் அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஊர்ப் பெண்கள் வந்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், மாமியின் முகத்தைப் பார்த்தார்கள், மாமியோடு உட்கார்ந்து அழுதார்கள். நான் எல்லாருக்கும் கட்டன்காப்பி போட்டேன். கல் மாதிரி இருக்காளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வேதக்கோவிலில் நினைவு ஆராதனை வைத்தார்கள். அது முடிந்து போதகர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அடக்கப் பதிவேடு திறந்திருந்தது.

"புஸ்தகத்தில எழுதணும் டீச்சர். எந்த நாடு, எந்த இடம், அடக்கம் நடத்துனது யாரு. மூணு கட்டம் உண்டு. கடிதம் வந்தா கொண்டு வாங்க."

கடிதம் வந்தது. ஆனால் அதில் அந்த மூன்று கட்டத்துக்கும் பதில் இல்லை. ஆபீசில் இருந்து மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். தபால் பையோடு போன லாரி மணல்மேட்டில் கவிழ்ந்தது, டிரைவர் பிழைத்தார், உங்கள் கணவர் அங்கேயே இறந்தார். இறந்த இடம் பொது நிலம் என்பதால் மரணச் சான்றிதழுக்கு முதலில் இன்ன நாட்டின் அதிகாரிக்கு எழுதவும். எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: மற்ற நாட்டைக் கேட்காமல் நாங்கள் சான்று கொடுத்தால், அந்த மண்ணுக்கு நாங்கள் தனியாக உரிமை கொண்டாடியதுபோல் ஆகும், அவர்களுக்கு எழுதவும். அவர்களுக்கு எழுதினேன். அவர்களும் கிட்டத்தட்ட அதையே எழுதினார்கள். இரண்டு பேரும் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இரண்டு பேரும் தங்களுடைய புதிய சிநேகிதத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் சேர்த்திருந்தார்கள்.

நான் அந்த இரண்டாவது கடிதத்தைத் தமிழில் சொன்னேன். முடித்ததும் மாமி கேட்டார்.

"ரெண்டு பேரும் சண்டை இல்லாம இருக்கணும். அதுக்காண்டி என் பிள்ள எங்கயும் சாவல்ல. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான் மாமி."

அன்றுதான் என் தாலியைப் பற்றிப் பேச்சு வந்தது. நானே கழற்றிவிடலாம் என்று நினைத்துக் கேட்டேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "காயிதம் வராம கழத்தாண்டாம். ஒரு எழவும் தெரியாம என்னத்துக்குக் கழத்தணும்?" என்றார். ஆகவே கழுத்தில் கிடந்தது. கல்யாண வீடுகளில் பெண்களுக்கு என்னை எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடம், வீடு, ஞாயிற்றுக்கிழமை கோவில். வயலில் கன்னிப்பூப் போகம் அறுவடை ஆனது, கும்பப்பூ நட்டார்கள், அதுவும் அறுவடை ஆனது. அந்தக் காலம் முழுக்க எனக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, பிள்ளைகளின் நோட்டைத் திருத்தினேன். ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு நடப்பதுபோல ஒரு கனம் மட்டும் இருந்தது. அதற்கு வலி என்று பெயர் சொல்ல முடியாது.

ஐம்பத்தாறு தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தொப்பி, தாடி, கையில் ஒரு துணிப்பை.

"டைப்பிஸ்ட் சாருக்க வீடுதானே? நான் தேங்காப்பட்டணத்துக்காரனாக்கும். அங்க கூடாரத்துல சமையல். இப்பதான் லீவு தந்தாவ. வந்த மறுநாளே பஸ் ஏறிட்டேன்."

மாமி பாய் விரித்தார். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பையில் இருந்து ஒரு ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் மடித்த காகிதம் ஒன்றையும் எடுத்து என் முன்னால் வைத்தார். புத்தகம் என் கணவருடையது.

"அண்ணைக்கு சாயங்காலம் கூடாரத்துக்குக் கொண்டாந்தாவ, டீச்சர். பெரிய ஆளுவ எல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் தந்தியடிச்சாவ. பதிலு வரட்டு, அது வரைக்கும் யாரும் தொடாண்டாம்ணு சொல்லியாச்சு. மறுநாள் காலத்த வரைக்கும் பதிலு இல்ல. அங்க உள்ள சூட்டுல வச்சிருக்க முடியுமா? காவலு கெழவனுவ ரெண்டு பேரும் மம்மட்டி எடுத்துட்டு எறங்கிட்டானுவ. தொடப்பிடாதுண்ணு ஒரு துரை வந்து சொன்னாரு. காலுல தழும்பு உள்ளவன் கேட்டான், 'நான் ஒரு நாடு, இவன் ஒரு நாடு. ரெண்டு நாடும் இங்கதான் நிக்கி. இனி யாருகிட்ட கேக்கணும்?' துரை திரும்பிப் போயிட்டாரு."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"குழி எந்தப் பக்கம் தலைவச்சுத் தோண்டணும்ணு எங்கிட்ட கேட்டாவ. எனக்கு ஒங்க முறை தெரியாதே. சாருக்க பெட்டியில இந்தப் புஸ்தகம் இருந்து. அடையாளம் வச்சிருந்த பக்கத்த எடுத்து வாசிச்சேன். பாடத் தெரியாது, வாசிக்கத்தான் செய்தேன். கெழவனுவளுக்கு ஒரு வார்த்த புரியாது. முடியுற வரைக்கும் கையக் கட்டிட்டு நிண்ணானுவ."

காகிதத்தைப் பிரித்தேன். மேலே அரபி, கீழே தமிழ். இரண்டும் சமையற்காரர் எழுதியது. தமிழில் இப்படி இருந்தது: இந்த மனிதரை எங்கள் இருவர் கையால் அடக்கம் செய்தோம். முதல் எண்ணெய்க் கிணற்றுக்கு வடக்கே, நடந்து போகும் தூரம். மண் எங்கள் இருவருடைய நாட்டுக்கும் சொந்தம். கீழே இரண்டு பெருவிரல் ரேகைகள், கறுப்பாக, விளிம்பில் காகிதம் மஞ்சளாக ஊறியிருந்தது.

"மை இல்ல டீச்சர். கெணத்துப் பக்கத்துல டின்னுல எடுத்து வச்சிருந்த எண்ணெயாக்கும். அதுல முக்கி வச்சாவ."

மாமி காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்து, "சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று அவரிடம் சொன்னார். நான் சோறு வடிக்கப் போனேன். அவர் மீன்குழம்பை ரசித்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அந்த மணலில் ஐந்து வருஷம் டின் மீன்தான் என்றார்.

மறுநாள் ஆராதனைக்குப் பிறகு போதகரிடம் காட்டினேன். "இது சர்க்கார் காகிதம் இல்லியே" என்றார். மறுபடி வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, நாடு என்ற கட்டத்தில் இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினார். இடம் என்ற கட்டத்தில், முதல் எண்ணெய்க் கிணற்றுக்கு வடக்கே என்று எழுதினார். அடக்கம் நடத்தியவர் என்ற கட்டத்தில், காவலாளர் இருவர், சமையற்காரர் ஒருவர் என்று எழுதி உறிஞ்சுதாளை அழுத்தினார். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, தானே கொக்கியை விடுவித்துத் தாலியை எடுத்தார். என் கழுத்து கொஞ்சம் லேசாக இருந்தது. அது மட்டுமே எனக்குத் தெரிந்தது.

சமையற்காரர் திரும்பிப் போவதற்கு முன் மாமி என்னை ஒரு கடிதம் எழுதச் சொன்னார், அந்தக் கிழவர்களுக்கு.

"ரெண்டு கடுதாசியா மாமி?"

"எதுக்கு ரெண்டு? அவிய ஒரே அடுப்புலதானே காச்சுகாவ. ஒண்ணு எழுது."

"என்ன எழுதட்டு?"

"நல்லா இருக்கணும்ணு எழுது. அவனுக்க அம்மா சொன்னாண்ணு எழுது."

எழுதினேன். நான்கு வரி. வேறொன்றும் சேர்க்கத் தோன்றவில்லை. தேங்காப்பட்டணத்துக்கு பஸ்ஸில் போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உயிரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதால் ஊரே தெருவில் நின்று சந்தோஷப்பட்டது. நானும் வரிசையில் நின்று கைதட்டினேன்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு சமையற்காரரின் தம்பி ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கிழவர்கள் கொடுத்தனுப்பியது, கப்பலில் வந்தது என்றார். கடிதம் ஏதும் இல்லை. உள்ளே பேரீச்சம்பழம், ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கியிருந்தது. இரண்டு தினுசு. ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி தேன் நிறம்.

மாமி அவற்றை வாழையிலைத் துண்டுகளில் பங்குவைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கடைசியில் என்னிடம் ஒன்றை நீட்டினார். "தின்னு மக்ளே."

தின்றேன். நன்றாக இனித்தது. கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன்.