கட்டைவிரலும் கால்களும்

அந்த வீட்டில் ‘போட்டுடு’ என்றால் ஒரே அர்த்தம்தான்: கைபேசிச் செயலியில் ஆர்டர் போட்டுவிடு. சோப்பு தீர்ந்ததா, போட்டுடு. தலையணை உறை கிழிந்ததா, போட்டுடு. நர்ஸ் வேலை பார்க்கும் அவள், பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தபடியே கட்டைவிரலால் குடும்பம் நடத்தினாள். மறுநாள் வாசலில் பெட்டி வந்து நிற்கும். கடைக்காரர் என்று ஒருவர் முகமும் அவளுக்கு ஞாபகமில்லை.

அந்தப் பெட்டிகளை அனுப்பும் நிறுவனத்தின் கிடங்கில்தான் அவளுடைய அக்கா பெட்டி கட்டினாள். தோள்பட்டை இறுகி, கையைத் தூக்க முடியாமல் போனதும், இனி வர வேண்டாம் என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ஏன் என்று கேட்க அந்தப் பக்கம் ஆளே இல்லை. அக்கா தனியாள். ஒரு பையோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தங்கை அன்றைக்கே அந்தச் செயலியைக் கைபேசியிலிருந்து தூக்கினாள்.

“இனிமே அவங்க பெட்டி ஒண்ணுகூட இந்த வாசப்படி ஏறாது.”

“நீ ஒருத்தி வாங்கலன்னா கடைய மூடிட்டுப் போயிடுவாங்களாக்கும்,” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு தங்கையால் பின்வாங்க முடியவில்லை.

சொன்னது வாய், அலைந்தது கால். அதுவும் நாள் முழுக்க வார்டில் நின்ற கால். பல்பு ஒரு தெருவில் கிடைத்தது, தையல் ஊசி வேறொரு தெருவில். அவள் போய்ச் சேரும்போது பாதிக் கடைகளில் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் விழுவாள். விரல் மட்டும் பழக்கதோஷத்தில் செயலி இருந்த இடத்தைத் தடவும். இப்போது அங்கே கால்குலேட்டர் இருந்தது. அது திறந்துகொண்டு முழிக்கும்.

அப்புறம் கழிவறைத் தண்ணீர்த் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ரப்பர் இற்றுப்போயிருந்தது. ஹார்டுவேர் கடையில் அதற்கு என்ன பேர் சொல்வது? இத்தனை காலம் படத்தைப் பார்த்து வாங்கியவளுக்குப் பேர் எதற்கு.

“இதய வால்வு மாதிரிண்ணே. திறந்து திறந்து மூடும்.”

“அதெல்லாம் உங்க ஆஸ்பத்திரியிலதான் சிஸ்டர் கிடைக்கும்,” என்றார் கடைக்காரர்.

இரண்டாம் தடவையும் வெறுங்கையோடு வந்தாள். பள்ளி வேன் ஓட்டும் கணவர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஓயாம ஆறு ஓடுற மாதிரி இருக்கு. என் போன்லயே போட்டுடவா?”

“போட்டுடுங்க,” என்றாள். சொல்லிய பிறகுதான், உள்ளறையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பது உறைத்தது.

அக்கா வெளியே வந்தாள். “போடுங்க, எனக்கென்ன. கிடங்குல எவளாவது ஒருத்தி ஓடிப் போய் எடுப்பா.”

“முடியலக்கா. உனக்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்தேன். காலு ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல.”

“எனக்காகன்னு சொல்றியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? தோள்தான்டி போச்சு எனக்கு. காலு நல்லாத்தான் இருக்கு. காலையிலேருந்து இந்தச் சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். கடைக்குப் போயிட்டு வான்னு ஒரு நாள் சொல்லியிருப்பியா?”

நோயாளியை அலைய விடக் கூடாது என்பது தங்கைக்கு ஊறிப்போன புத்தி. வீட்டிலும் அக்காவைக் கட்டிலில் படுத்திருக்கும் கேஸாகவே பார்த்துவிட்டாள்.

“கிளம்பு,” என்றாள் அக்கா. “கடையை மட்டும் காட்டு. அந்த ரப்பரை நான் எத்தனை கட்டியிருக்கேன்.”

கணவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடையில் அக்கா கல்லாமேல் கையூன்றி, கிடங்கில் கவருக்கு வைத்திருந்த எண்ணைச் சொல்லித் தெளிவாகக் கேட்டாள். “அண்ணே, ஏ-ரெண்டு கவர்ல போறது ஒண்ணு குடுங்க. மெத்துனு இருக்கும், குலுக்குனா சத்தம் வராது.”

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடாம்மா?”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூட உடம்பு வலித்தது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, ரப்பர் சாமான்கள் கிடந்த டப்பாவை அப்படியே அவர்கள் முன்னால் கவிழ்த்தார். அக்கா நல்ல கையால் கிளறி ஒன்றை எடுத்தாள்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஒரு சுற்று சின்னது. தண்ணீர் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். கணவர் கைபேசியை வெளியே எடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குக் கடை திறந்ததும் பழசைக் கையில எடுத்துட்டுப் போய் நானே மாத்திட்டு வரேன்,” என்றாள் அக்கா. “நீ படு.”

“வழி தெரியுமாக்கா?”

“பேருதான் தெரியாது.”

தங்கை நாற்காலியிலேயே கண்ணை மூடினாள். அக்கா குனிந்து அவள் செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு கழிவறைக்குப் போய், தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயைத் திருகி அடைத்தாள்.