கரைக்கு வெளியே ஒரு வயல்

கடல் ஏறி வருகிறது, எல்லோரையும் காப்பாற்ற வேண்டும் என்று இப்போதெல்லாம் நாடுகள் கூடிப் பேசுவதைப் பத்திரிகையில் படிக்கிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கரை கட்டுவது இருக்கட்டும் ஐயா, கோடு எங்கே விழும்? அதை முதலில் சொல்லுங்கள்.

அறுபதுகளில் இந்தத் தீவில், பெரார்கஞ்சுக்கு அந்தப் பக்கம், உப்பங்கழி ஓரமாக எங்களுக்கு சர்க்கார் நிலம் கொடுத்திருந்தது. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, அப்பாவும் அம்மாவும் அதை நெல்வயல் ஆக்கினார்கள். குடிசையும் அங்கேதான். பௌர்ணமி, அமாவாசைக்குக் கடல்நீர் கழி வழியாக ஏறி வரப்பைத் தாண்டும். உப்பு ஏறிய இடத்தில் நெல் கருகிவிடும். கரை கட்டித் தாருங்கள் என்று ஊரே கேட்டது. முன்னால் நின்று கேட்டவர் அப்பா.

கரை வந்தது. எங்கள் பேச்சில் அது பாந்த். ஓவர்சியர் கயிறு பிடித்து அளந்தபோது எங்கள் வயல் மட்டும் வெளியே விழுந்தது. வளைத்துக் கட்டினால் மண் அதிகம் பிடிக்குமாம். "ஏக் கேத் பாஹர் ரஹேகா," என்றார், ஒரு வயல்தானே வெளியே போகிறது என்று. ஊர் தலையாட்டியது. பக்கத்து வயல்காரரும் ஆட்டினார். மெயின்லேண்டிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர். அப்பா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். மாற்று நிலம் கிடைக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் சொல்ல மண் வெட்ட வேண்டியதில்லையே. அந்த நிலம் கடைசிவரை வரவில்லை.

கரைக்கு மண் எங்கே வெட்டினார்கள்? எங்கள் வயலில்தான். எப்படியும் கடலுக்குப் போகிற மண்தானே. வெட்டிச் சுமந்த கூலியாட்களில் அப்பாவும் ஒருவர். வயிறு கேட்கிறதே. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயரும் கிடைத்தது: பாஹர்வாலா. வெளியாட்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பகலில் பெருமழையும் கடலேற்றமும் சேர்ந்துகொண்டன. முன்பு ஊர் முழுக்கப் பரவிய தண்ணீர் இப்போது கரையில் முட்டி எங்கள் மேலேயே திரும்பியது. அம்மாவும் பிள்ளைகளும் கரைமேல் ஏறிவிட்டோம். அப்பா சினைப்பசுவை இழுத்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் வந்தார். பசு முன்னங்காலைக் கரையில் வைத்தது. மேலே பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"மாட்ட ஏத்தாத தம்பி. ஈர மண்ணு. குளம்பு பட்டா பாந்த் சரிஞ்சிரும். உள்ள அத்தன கேத்தும் போயிரும்."

அம்மா அவரைத் திட்டியதை அச்சில் போட முடியாது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கரையைக் கையால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"அண்ணன் சொல்றது சரிதான்," என்று சொல்லிவிட்டுப் பசுவைத் திருப்பினார்.

கரை உடையவில்லை. பசுவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. கயிற்றை விடச் சொல்லி அம்மா கத்தியதால் அப்பாவாவது மிஞ்சினார்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்த எங்களுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு பால் வந்தது. அம்மா கொட்டப் போனாள். அப்பா தடுத்து வாங்கி, எங்களைக் குடிக்கச் சொன்னார். அன்றைக்கு அப்பாவை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. ஆனால் பசி. குடித்தேன்.