ஊசியைத் தொட்ட கை

அந்தக் கிளப்பில் எல்லாரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பாக இருப்பதால் அல்ல. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற லேப் ஒன்றில் அவள் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க யாரோ ஒருவருடைய வாயின் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு மெழுகை உருக்குவது, ராவுவது, மறுபடி ராவுவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே, பூட்டிக்கிடக்கும் செங்கல் சூளைக்குப் பின்னாலிருக்கும் மண் தடத்தில் வண்டி ஓட்டுவாள்.

பொம்மைக் கார் என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டால் அவ்வளவுதான். முழங்கை நீளத்தில், ரிமோட்டில் ஓடும் 'பக்கி' ரகப் பந்தய வண்டி அது. உள்ளே நிஜமான எஞ்சின். கட்டைவிரல் பருமனில் ஒரு பிஸ்டன். நைட்ரோ எரிபொருளைக் குடித்துக்கொண்டு, காதைக் கிழிக்கிற சத்தத்தோடு மண்மேடுகளைத் தாண்டிப் பறக்கும். ஓட்டுகிறவர்கள் ஒரு மர மேடையில் வரிசையாக ரிமோட்டும் கையுமாக நிற்பார்கள். கீழே, வண்டிகளைக் கவனிக்கிற இடமான பிட்டில் ஆளுக்கொரு கூட்டாளி எரிபொருள் குப்பியோடு காத்திருப்பார். டேங்க் காலியாகும் நேரம் வண்டி பிட்டுக்குள் வரும். குனிந்து, ஊற்றி, விட வேண்டும்.

இந்தப் பித்து பிடித்ததும் லேபில்தான். ஒரு டாக்டர் தன் மகனுடைய வண்டியைக் கொண்டுவந்து வைத்து, அதில் உடைந்துபோன பாகம் ஒன்றை ஒட்டித்தரச் சொல்லிவிட்டுப் போனார். இவள் ஒட்டி, ராவி, தயாராக வைத்தாள். மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டான், அப்பா மறந்தே போனார். தூசி தட்டித் தட்டி அலுத்துப்போய் ஒருநாள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தாள். "எதுக்கும்மா இந்தக் குப்பை?" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள். முதல் தடவை எஞ்சின் பிடித்தபோது வீடு அதிர்ந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு சில வருடமாகக் கிளப் போட்டிகளில் ஓட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் அரையிறுதியோடு மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

இறுதிப் போட்டிக்குப் போக வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். கடைசி ஆட்டத்துக்கு அந்த மேடையில் ஒரே ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். மற்றபடி அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மிச்ச ஆசைகளைக் குடும்பம் எப்போதோ பங்கு போட்டு எடுத்துக்கொண்டுவிட்டது.

அவளுடைய பிட் கூட்டாளி அவள் கணவர்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவர், கை நடுங்காமல் எரிபொருள் ஊற்றுவார். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. கார்ப்பரேட்டரில் ஒரு பித்தளை ஊசி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் திறந்தால் எரிபொருள் கூடும், மூடினால் குறையும். இந்த எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் எரிபொருளிலேயே கலந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் தாராளமாக விட்டால்தான் அதற்கு உயிர். வால் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போகும் புகைதான் அதற்கு அடையாளம். ஊசியை மூடினால் புகை நிற்கும், வண்டி அம்பாகப் பறக்கும், கொஞ்ச நேரம். அப்புறம் எஞ்சின் கொதித்து மூச்சை விட்டுவிடும்.

இதை அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அவரும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறார். ஆனால் அவர் வேன்காரர். வேன் புகைவிட்டால் போலீஸ் மடக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்கள் முறைப்பார்கள், முதலாளி கத்துவார். ஆயுசு முழுக்கப் புகையை அவமானமாகவே பார்த்துப் பழகிய கண் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி காலையிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டது. புது எஞ்சின். மாடி வீட்டுக்காரர் வந்து சண்டை போடுகிற அளவுக்கு வாரக்கணக்கில் பால்கனியில் வைத்து மெதுவாக ஓட்டிப் பதம் பார்த்திருந்தாள். தடத்தில் ஈரம் இருந்ததால் டயரை மாற்றினாள். ஷாக் அப்சார்பரில் இன்னும் நீர்த்த எண்ணெய் விட்டாள். ஊசியை வைத்த இடத்தில் வைத்து, "இதுதான் இன்னிக்கு. யாரும் கை வைக்கக்கூடாது" என்றாள், யாரும் என்றால் யார் என்று சொல்லாமல்.

கிளப்பில் ஒரு வழக்கம். வளைவுகளில் மார்ஷலாக நின்று, கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்தி விடுவது கூலிக்கு வந்த ஆட்கள் இல்லை. ஓட்டுகிறவர்களே முறை வைத்து நிற்க வேண்டும். முதல் அரையிறுதிக்கு இரண்டாவது அரையிறுதிக்காரர்கள் மார்ஷல். அரையிறுதியில் தோற்றவர்கள் இறுதிப் போட்டிக்கு மார்ஷல். டிமிக்கி கொடுத்தால் அடுத்த போட்டியில் இடமில்லை. அதனால் முதல் அரையிறுதியின்போது பல்லக்கா ஆரஞ்சு நிற வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு வளைவுக்குப் போய்விட்டாள். வண்டியைச் சூடேற்றி வைக்கிற வேலை கணவரிடம் இருந்தது.

திரும்பி வந்ததும் நேராக மேடைக்கு ஏறினாள். இரண்டாவது அரையிறுதி தொடங்கியது. முதல் இரண்டு பேருக்குத்தான் இறுதியில் இடம். அவள் நான்காவதாகக் கிளம்பி, மூன்றாவதாகி, நேர்பாதையில் இன்னொருவனைத் தாண்டி இரண்டாவதானாள். வண்டி அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. 'என்னடி இது, இன்னிக்கு உனக்குப் பேயா பிடிச்சிருக்கு' என்று மனசுக்குள் கொஞ்சினாள். அந்தக் கொஞ்சலுக்காக அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள். புகை இல்லாததை அவள் கண் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

பாதிப் பந்தயத்தில் எஞ்சினின் குரல் மெலிந்தது. கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு கீச்சு. அடுத்த மேட்டில் ஏறியபோது நின்றேபோனது.

மார்ஷல் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் கணவரிடம் கொடுத்தான்.

"ஊசியைத் தொட்டியாப்பா?" மேடையிலிருந்து கத்தினாள்.

"இல்லையே!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு! ஒரு திருப்பு கூட இல்லையா?"

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்? கையே வைக்கலை!"

சுற்றி நின்றவர்களெல்லாம் கேட்டார்கள். அவர் தொட்டதாகச் சொல்லியிருந்தால், திறக்க வேண்டியதைத் திறந்து அடுத்த நிமிடம் வண்டி தடத்தில் இருந்திருக்கும். தொடவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ என்றுதானே அர்த்தம்? "அப்ப பிளக் போயிருக்கும், பிளக்கை மாத்து!" என்றாள். அவர் வேர்க்க விறுவிறுக்க மாற்றினார். எஞ்சின் பிடித்தது. ஒரு சுற்று ஓடி, மறுபடி அதே கீச்சு, அதே சாவு. மற்ற வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடின. மணி அடித்து ஆட்டம் முடிந்தபோது அவளுக்குக் கீழே பட்டியலில் யாரும் இல்லை.

இறங்கி வந்தாள். மேசையில் வண்டியை வைத்து, ஸ்க்ரூ டிரைவரை ஊசியில் பொருத்தி, அடிவரை மெல்ல மூடிக்கொண்டே எத்தனை சுற்று என்று எண்ணினாள். காலையில் வைத்ததில் அரைச் சுற்று குறைந்தது. இந்த எஞ்சினுக்கு அரைக்கால் சுற்றே பெரிய விஷயம்.

அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும்.

"இங்க வாங்க" என்றாள்.

அவர் முகம் வெளுத்தது. "என்னம்மா?"

"இது அரைச் சுத்து மூடியிருக்கு. யாருங்க மூடினது?"

"அதிர்வுல தானா திரும்பியிருக்கும்."

"தானா?"

"வேன்ல எத்தனை நட்டு கழண்டு விழுது."

"கழண்டா திறக்கணும்ங்க. இது மூடியிருக்கு. உங்க வேன்ல நட்டு ஓடுறப்பத் தானா இறுகிக்குமா?"

அவர் குப்பியின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். அவளுக்கு அந்தக் கை தெரியும். வாஷிங் மெஷின் செத்த அன்றைக்கும் அந்தக் கைதான், குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றைக்கும் அதே கைதான். எதைப் பார்த்தாலும் தொடாமல் இருக்காது. தொட்டதை ஒத்துக்கொள்ளவும் செய்யாது. வீட்டில் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு வாழ்ந்தாயிற்று. பொண்டாட்டி புலம்புவாள், பிளம்பர் வருவான், சரியாகிவிடும். இன்றைக்கு எந்த பிளம்பர் வருவான்? எஞ்சினின் மண்டையைப் பிடித்துக் கழற்றப்போனவள் விரல் சுட்டுக் கையை உதறினாள். அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபம் வந்தது.

"தொட்டதுக்குக் கூட இல்லைங்க" என்றாள். "அங்கேருந்து தொண்டை கிழியக் கத்தினேன். அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை. ஆமான்னு ஒரு வார்த்தை."

"அத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

மைக்கில் இறுதிப் போட்டிக்கு மார்ஷல்களைக் கூப்பிட்டார்கள். அவள் வெஸ்ட்டை எடுத்து மாட்டினாள், கையுறையை மாட்டினாள், போய்விட்டாள். நடக்கும்போதே மனசுக்குள் அவரை லேபின் அச்சுக் குழம்பில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கிடைத்தது இரட்டை மேட்டுக்கு அடுத்த வளைவு. எதிரே மேடையில் நாலு பேர் நின்றார்கள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் மூக்குறிஞ்சிக்கொண்டே ஒரு பையன் நின்றான். முதல் இடத்தில் பாலிசி சார். காப்பீட்டு ஏஜென்ட், பிட்டில் இவர்களுக்குப் பக்கத்து மேசை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பாலிசியும் ஆலோசனையும் தூக்கிக் கொடுப்பவர்.

ஆட்டம் சூடுபிடித்த நேரம், கணவர் தடத்தின் குறுக்கே தட்டுத்தடுமாறி ஓடிவந்தார். வெஸ்ட் இல்லை, ஒன்றும் இல்லை. பின்னால் கிளப் செயலாளர் "யோவ், வெளிய வாய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான்தான் மூடினேன்" என்றார் மூச்சு வாங்க. எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இன்னும் சத்தமாக, அடுத்த வளைவு மார்ஷலும் திரும்பிப் பார்க்கும்படி, "நான்தான் மூடினேன்! தெரிஞ்சேதான் மூடினேன்!"

"எதுக்குங்க?"

"முதல் அரையிறுதிக்கு நீ இங்க கிளம்பினப்போ, மேடை ஏறப்போன பாலிசி சார் நம்ம வண்டியைப் பார்த்துச் சிரிச்சார். 'என்ன, பல்லக்கா வண்டி கொசு மருந்து அடிக்கப் போகுதா'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. என்னால தாங்க முடியலை. உன் வண்டியைச் சொன்னா எனக்கு..."

அவர் முடிக்கவில்லை. இரட்டை மேட்டைத் தாண்டிப் பறந்துவந்த சிவப்பு வண்டி மூக்கு குத்தி, ரெண்டு குட்டிக்கரணம் போட்டு, அவள் காலடியில் மல்லாந்து விழுந்தது. பாலிசி சாருடைய வண்டி. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றின.

மேடையிலிருந்து பாலிசி சார் அலறினார். "பல்லக்கா! சீக்கிரம்க்கா! திருப்பி விடுக்கா!"

பின்னால் இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் மெதுவாகக் குனிந்தால் போதும். கையுறையை இழுத்துவிடுவது மாதிரி பாவனை செய்தால் போதும். கணவரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரே எட்டில் குனிந்து, சூடான குழாயைத் தவிர்த்து, பின்சிறகைப் பிடித்துப் புரட்டி, மூக்கைத் தடத்துக்கு நேராக வைத்து விட்டாள். சிவப்பு வண்டி மண்ணை வாரி அவள் முகத்தில் அடித்துவிட்டு முதல் இடத்தோடு போய்விட்டது.

"தேங்க்ஸ்க்கா!"

கண்ணில் விழுந்த மண்ணைத் தோளில் தேய்த்துக்கொண்டு அவள் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"அவரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. எஞ்சினைப் பதம் பார்த்தது அவரா? பால்கனியில நின்னு மாடி வீட்டுக்காரர்கிட்ட பேச்சு வாங்கினது அவரா? நான் கேட்டப்ப ஒளிச்சது அவரா?"

"இப்பதான் சொல்லிட்டேனேம்மா."

"இப்ப சொல்லி நான் எங்கங்க போய் ஏறி நிக்கறது?"

அடுத்த வண்டி மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வேலிப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள்.

"அந்தாண்ட போய் நில்லுங்க, மேல ஏறிடப்போகுது" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொதித்துக்கொண்டே, வளைவைப் பார்த்துக் குனிந்து நின்றாள்.