அத்தான் காசிக்குப் போன மாதம்

என் அக்காவின் கணவர் காசிக்குப் போனதே இல்லை. புதுக்கோட்டையில் இது தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவரைக் காசிக்குப் போய்வந்தவராக ஆக்கியது அந்த ஊர்தான். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளின் கடைசி. கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் தொழில் நடந்தால், பெண்ணுக்கு மட்டுமல்ல, காசு கொடுத்துப் போன ஆணுக்கும் தண்டனை என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அத்தான் பிடிபட்ட வீட்டு வாசலில் நின்றால் கோயில் கோபுரம் தெரியும். அவருக்கு ஒரு மாதம், அந்தப் பெண்ணுக்கும் ஒரு மாதம் என்று மாஜிஸ்ட்ரேட் தீர்ப்புச் சொன்னபோது கோர்ட்டு ஜன்னலில்கூட ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அக்காவின் மாமியார் தெருவில் நின்று, "எம் மகன் காசிக்குப் போயிருக்கான்" என்றார். ஜன்னலில் தொங்கியவர்களே, "நல்ல காரியம்ங்க" என்று தலையாட்டினார்கள்.

அக்காவுக்குத் துணையாக அறந்தாங்கியிலிருந்து வந்திருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காசிக்குப் போனவர் கங்கைத் தீர்த்தம் கொண்டுவர வேண்டுமே? மாமியார் கிணற்றுத் தண்ணீரைச் சின்னச் செம்புகளில் நிரப்பிக் கொடுக்க, பாத்திரக்கடைக்காரர் ஈயம் வைத்து மூடித் தந்தார். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசன். அதே வாரம் அந்தப் பெண் குடியிருந்த வீட்டுக்காரர் அவளுடைய சட்டிபானைகளைத் தெருவில் தூக்கிப் போட்டார். விடுதலையாகி வந்தவளைத் திருமயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் ஊரார் மறுவேலை பார்த்தார்கள். அவளுக்கென்று ஒரு காசியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அத்தான் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதிப் பட்டை வேறு. வாசலில் கூட்டம். காசிக்குப் போய்வந்தவரின் காலைக் கழுவி, விழுந்து கும்பிடுவது வழக்கமல்லவா? கோயில் தர்மகர்த்தா, "கங்கையில தண்ணி வேகமெல்லாம் எப்புடிங்க?" என்று கேட்டார். தீர்ப்பு நாளில் முன்வரிசையில் இருந்த மனிதர். "வேகந்தான்" என்றார் அத்தான், கூச்சமே இல்லாமல்.

முதலில் கழுவ வேண்டியவள் மனைவி. மாமியார் தண்ணீர்ச் செம்பை அக்காவின் கையில் திணித்தார். ஒரு மாதமாக வாயே திறக்காதவள் அக்கா. செம்பைக் கீழே வைத்தாள்.

"திருச்சி ஜெயில்ல இருந்துட்டு வாராங்க. காலை மட்டும் கழுவுனா போதாதுங்க. அங்கிட்டுக் கெணத்தடியில போயி முழுசாக் குளிக்கச் சொல்லுங்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கூட்டம் கலைந்தது. கோபமெல்லாம் அக்காமேல். "புருசனைச் சந்தி சிரிக்க வச்சிட்டாளே" என்று பேசாத வாய் இல்லை. ஒரே வாரத்தில் அத்தான் திருவிழாக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தார். அக்காவை நவராத்திரிக்கு அழைப்பது நின்றுபோனது.

ஐந்தாறு வருஷம் கழித்து அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் தாயார் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

"பொண்ணு லெச்சணமா இருக்கு. அப்பா காசிக்கெல்லாம் போயிட்டு வந்த பெரிய மனுசருங்கிறாங்க. ஆத்தாவுக்குத்தான் வாய் நீளமாமே? அது பொண்ணுக்கும் வந்துருமோன்னு யோசனையா இருக்குங்க."

அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. சேதி வந்த அன்று அத்தான் அக்காவைப் பார்த்து, "எல்லாம் ஒன் வாயாலதான்" என்றார்.