கேட்டை நட்சத்திரத்துக் கேள்வி

பார்லிமெண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தெரிந்துகொண்டதுதான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டெல்லியைப் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் போதும். அந்த வட்டமான கட்டடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வெள்ளை வேட்டி கட்டினவர்கள் அதில் வரிசையாக நின்றுகொண்டு, தங்கள் முறைக்காகச் சத்தமில்லாமல் காத்திருப்பார்கள். தண்ணீரில் அவர்கள் நிழல் ஆடும். ஏன் எனக்கு அப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளே.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்த சமயம். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கே நான் குடிவந்துவிட்டேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல்மேட்டில் குப்பம். நான் எளாவூரில் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன். வலை பிடிக்க வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் பஞ்சாயத்து ரேடியோ போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். ஒரு சின்ன அறை, அதில் பேட்டரியில் ஓடுகிற ரேடியோ, கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி. சாயங்காலம் ஆனால் கதவைத் திறந்து திருகுவேன். டெல்லியிலிருந்து வருகிற தமிழ்ச் செய்தி ஏரித் தண்ணீர்மேல் மெல்லப் போகும். அந்தக் குரல் எதிர்க்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுபோல எனக்குத் தோன்றும்.

அந்த ஊரில் எல்லாமே பாடுதான். பாடு என்றால் முறை. ஏரியில் மீன் படுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். வலை கட்டுகிற குடும்பங்கள் நிறைய. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று வைத்திருந்தார்கள். பாடு வந்த அன்றைக்கு மீன் கிடைக்காமல் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பாடு வந்தும் ஆள் வராமல் போனால் அது பெரிய தலைக்குனிவு. அவனுக்கு மட்டுமில்லை. அவனுக்காக முன்னால் நின்று பேசியவன் எவனோ, அவனும் அந்த வருஷம் முழுக்க ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. வந்து உட்காரலாம். பேசக் கூடாது.

உங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்கென்றே பிறந்தவர். அவர் எழுந்தால் வலை முடிகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எலெக்‌ஷன் வந்தபோது வீடு வீடாகப் போய், “இவரு நம்ம ஆளு, நான் சொல்றேன், போடுங்க” என்று ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். அவர் சொன்னதற்காகவே ஊர் மொத்தமும் போட்டது. அவர் சொன்ன ஆளே எங்களுக்கு எம்.பி.யும் ஆனார்.

அந்தக் கோடையில் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மணல் மூடிப்போனது. கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் இறாலும் மீனும் வரும். வாய் மூடிய ஏரி ஒன்றும் பேசாமல் படுத்துக் கிடந்தது. தண்ணீர் வற்றி, கரையெல்லாம் உப்புப் பூத்தது. மாமாவின் பாடு வந்தது. போனார், வலை கட்டினார், வெறும் பாசியோடு திரும்பினார்.

எம்.பி. ஒரு முறை வந்து அந்த மணல்மேல் நடந்து பார்த்தார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். “இந்தக் கூட்டத்துலயே இதைக் கேக்கறேன். நட்சத்திரக் கேள்வியாவே கொடுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மாமா ரேடியோ அறைக்கு வந்தார்.

“மாப்ள, நட்சத்திரக் கேள்வின்னா இன்னா?”

எனக்கும் சரியாகத் தெரியாது. பேப்பரில் படித்த அளவில் சொன்னேன். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், மேலே மேலே கேட்கலாம். குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். நிறைய பேர் கேட்பதால் குலுக்கிப் போட்டு வரிசை எடுப்பார்கள்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “குலுக்கிப் போடுவாங்களா? அட, நம்ம பாடு மாதிரி. இதை மொதல்லியே சொல்லக்கூடாதா?”

அப்புறம் ஊருக்கே டெல்லி விளங்கிவிட்டது. எம்.பி.க்குப் பாடு எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒருநாள் பொன்னேரியிலிருந்து எம்.பி.க்கு வேண்டியவர் ஒருவர் வந்து, வருகிற வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் காலையில் உங்கள் அத்தை, மாமாவின் மனைவி, தேங்காய் வெற்றிலையோடு அம்மன் கோயிலுக்குப் போனாள். எம்.பி. பேரில் அர்ச்சனை. பூசாரி நட்சத்திரம் கேட்டார். அத்தைக்கு அது எப்படித் தெரியும்? நட்சத்திரக் கேள்வி என்றுதானே ஊரெல்லாம் பேச்சு.

“அதான் பூசாரி, அவரு கேட்ட நட்சத்திரம்” என்றாள்.

பூசாரிக்குக் காது கொஞ்சம் மந்தம். “கேட்டையா? சரி” என்று கேட்டை நட்சத்திரத்துக்கே அர்ச்சனையை முடித்துத் தட்டைக் கொடுத்துவிட்டார். அத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் ரேடியோ அறையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. செய்தி ஆரம்பித்தது. பார்லிமெண்டில் அது நடந்தது, இது நடந்தது என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. எங்கள் முகத்துவாரம் வரவில்லை. செய்தி முடிந்து நாதஸ்வரம் தொடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நாதஸ்வரம் பாட்டுக்கு ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு குரல்: “ஆளு போகவே இல்ல போல.”

இன்னொன்று: “பாடு வந்து பேரைக் கூப்ட்ருப்பாங்க. இவரு எங்க நாஷ்டா துன்னுகினு இருந்தாரோ.”

அத்தை சும்மா இருப்பாளா? “ஓட்டைப் போடு ஓட்டைப் போடுன்னு ஊடு ஊடா சுத்தினாரே எங்க ஊட்டுக்காரரு. இப்ப பாரு, வலையிலயும் ஓட்டை, பேச்சிலயும் ஓட்டை.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. எழுந்து தண்ணீரோரமாகவே நடந்து போனார். அவருக்கு என்ன கவலை என்று எனக்குத் தெரியும். எம்.பி. அன்றைக்கு அங்கே போகவில்லை என்று ஆகிவிட்டால், மாமா ஒரு வருஷம் ஊமை. மழைக்கு முன்னால் கூட்டம் போட்டு, முகத்துவாரத்தை நாமே வெட்டலாமா வேண்டாமா என்று ஊர் முடிவெடுக்கிற வருஷம் அது. வெட்ட வேண்டும் என்று நினைத்தவர் மாமா ஒருத்தர்தான். மற்றவர்கள் அரசாங்கம் மெஷின் அனுப்பும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த வாரங்களை நினைத்தால் எனக்குத் தூக்கத்தில் நடந்ததுபோல இருக்கிறது. வெயிலில் ஏரி வெள்ளையாகக் கண்ணைக் கூசும். கரை எது, தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமா படகில் சும்மா உட்கார்ந்திருப்பது தூரத்தில் தெரியும், படகு காற்றில் தொங்குவதுபோல. ரேடியோ அறையில் மத்தியானம் கண்ணயர்ந்தால் எனக்கு ஒரே கனவுதான். வட்டக் கட்டடம், தண்ணீர், யாரோ பேர் கூப்பிடுகிறார்கள். எங்கள் எம்.பி. நின்ற இடத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிதக்கிறது. அவர் இருக்கிறாரா, இல்லையா? அதற்குள் முழித்துக்கொள்வேன்.

கூட்டத்தொடர் முடிந்து எம்.பி. படகேறி எங்கள் ஊருக்கு வந்தார். மாலை போட யாரும் போகவில்லை. ரேடியோ அறைக்கு முன்னால் பெஞ்சியில் உட்காரவைத்தோம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாமா எதிரில் வந்து நின்றார். ஊர் சுற்றி நின்றது.

“ஐயா, அன்னிக்கி உங்க பாட்டுக்கு நீங்க போனீங்களா?”

எம்.பி.க்குப் பாடு என்பது புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்.

“போனேனே. பதினோரு மணிக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டேன். பன்னெண்டு மணியோட கேள்வி நேரம் முடிஞ்சிடும். என் முறை வர்றதுக்குள்ள மணி ஆயிடுச்சி.”

“இதை எவன் வேணா சொல்லலாம்” என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கேட்டதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு இன்னா கெடச்சுது?”

ஏரியில் பாட்டுக்காகக் காத்து நிற்கிறவன் வேறு எதைப் பார்ப்பான்? முன்னால் இருக்கிறவன் வலையைத்தான் பார்ப்பான். அவனுக்கு என்ன பட்டது என்று கூடை நிறைவதுவரை சொல்லுவான். வராதவனுக்கு அது தெரியாது.

எம்.பி. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“எனக்கு முன்னாடி ரெண்டு பேரு. ஒருத்தரு மணல்காட்டு ஊர்க்காரரு. குடிக்கக் கெணறு வேணும்னு கேட்டாரு. மந்திரி பரிசீலனையில இருக்குன்னாரு. இவரு விடல. எத்தனை வருஷமா இருக்குன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. அதுலயே பாதி நேரம் போச்சி. அடுத்தது ஒரு வடக்கத்தி அம்மா. ஆத்துக் கரை ஒடஞ்சி கெடக்குதுன்னாங்க. அவங்களுக்குக் கட்டித் தர்றதாவே சொல்லிட்டாங்க. அந்த அம்மா உக்காந்து, கண்ணாடியைக் கழட்டி முந்தானையில தொடச்சாங்க. அடுத்தது நான். எழுந்திருக்க முன் பலகையில கை வெச்சேன். மணி பன்னெண்டு.”

“தொடச்சிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கினாங்களா?” என்று மாமா கேட்டார்.

“இல்ல. கையிலயே வெச்சிக்கிட்டு இருந்தாங்க.”

மாமா ஊர் பக்கம் திரும்பினார். “வந்து நின்னவருதான்” என்றார். பின்னால் முணுமுணுத்தவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் மோர் வந்தது. பேச்சும் வந்தது.

“பாடு தவறினா எங்க ஊர்ல அடுத்த நாளு குடுப்போம். உங்களுக்கு?”

“எங்களுக்கு அந்த வழக்கம் இல்லப்பா. நட்சத்திரம் போயிடும். எழுத்துல பதில் வரும். வந்துடுச்சி. மாநிலத்துகிட்ட விவரம் கேட்டிருக்காங்களாம்.”

“அப்ப எங்க சட்டமே தேவல” என்றார் மாமா. எம்.பி. ஒத்துக்கொண்டார்.

மாமாவுக்கு இன்னொரு சந்தேகம். “நாங்க இத்தினி பேரு போட்ட ஓட்டெல்லாம் அங்க போயி இன்னா பண்ணுது?”

“எல்லாம் சேர்ந்து எனக்கு அங்க ஒரே ஓட்டு. ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா பலகையில ஒரு வெளக்கு எரியும். ஆமாம்னா பச்சை, இல்லைன்னா செவப்பு.”

“இவ்ளோ பேருக்கும் ஒரே வெளக்கா?”

“ஒன்னே ஒன்னுதான்.”

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “நீங்க எதைப் பத்த வெச்சீங்க?”

“அன்னிக்கே கிருஷ்ணாயில் வரிக்கு ஓட்டு எடுத்தாங்கம்மா. நான் செவப்பு.”

“ஜெயிச்சீங்களா?”

“இல்லம்மா. பச்சைதான் நெறைய.”

“அந்த வெளக்குக்கு இன்னா எண்ணெ ஊத்தறாங்க?”

“அது கரண்ட்டும்மா.”

“அதான் அவங்களுக்குத் தெரியல” என்றாள் அத்தை. பிறகு அர்ச்சனை செய்ததைச் சொன்னாள். எம்.பி. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “ஆனா நான் ரோகிணிம்மா” என்றார்.

“பாத்தீங்களா, நட்சத்திரம் மாறிப்பூடுச்சி. மணி எப்படிப் பத்தும்?”

மறுவாரம் ஊர்க் கூட்டம். ஊர்த் தலைவரான நாட்டார், “நீ பேசுப்பா” என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா எழுந்தார். வலை முடிந்துகொண்டிருந்த கைகள் நின்றன. நீளமாகப் பேசுவார் என்று நினைத்தோம்.

“அவரு பாட்டுக்கு அவரு போயி நின்னுட்டாரு. இப்ப நம்ம பாடு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, வானம் வெறித்த ஒரு நாளில் ஊரே மண்வெட்டியோடு போனது. நானும் கூடை தூக்கினேன். உங்கள் அம்மா, பெரியவனை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள். மணலைக் கீறிக் கடல்வரை ஒரு வாய்க்கால். பொழுது சாய்கிற நேரத்தில் ஏரித் தண்ணீர் விரல் தடிமன் ஓடியது. பிறகு கை அகலம். பிறகு இரண்டு கரையும் சரிந்து விழ, யாரும் எதிர்பார்க்காத ஒரு பெருமூச்சோடு ஏரி கடலுக்குள் இறங்கியது. இனி கடல் ஏறும்போது இறாலும் உள்ளே ஏறும். நாங்கள் நின்று பார்த்தோம். மண் கால்களுக்குக் கீழே நடுங்கியது.

மேற்கே மழை கழுவிய வானத்தில், ஏரிக்கு மேலே தாழ, ஒரு நட்சத்திரம் சிவப்பாக வந்தது.

“மாப்ள, அது இன்னா நட்சத்திரம்?” என்றார் மாமா.

“எனக்குத் தெரியல மச்சான்.”

“கேட்டைதான்” என்றாள் அத்தை, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. “இல்லைன்னு எரியுது பாரு, செவப்பா.”

மாமா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், “பொன்னேரிக்குப் போனா அவருகிட்ட சொல்லு. வாய் தொறந்துகிச்சி, ஆனா அடுத்த கோடைல திரும்ப மூடும். அடுத்த குலுக்கல்லயும் பேரைக் குடுக்கச் சொல்லு” என்றார்.

சொன்னேன். கொடுத்தார்.